பூனைக்குச் சோறு போட்டால் போதுமா?



நம் மாணவர் பேரவை மலரில் கம்ப்யூட்டர், சூரிய சக்தி, வேலைவாய்ப்பு என்று பெரிய விஷயங்களை மற்ற நண்பர்கள் எழுதுகிறார்கள். நான் பூனை வளர்ப்பு பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் அறை நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "பூன தானா வளருது, அதுக்கு ஒரு கட்டுரையா?" என்றான். உங்கள் தெருவில் போன வருஷம் பிறந்த பூனைக் குட்டிகளில் எத்தனை இன்றைக்கு உயிரோடு இருக்கின்றன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தானாக வளருவது எவ்வளவு என்று அப்போது தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் படவேடு, ஜவ்வாது மலை அடிவாரம். ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். எங்கு பார்த்தாலும் வாழைத் தோப்பு, பள்ளத்தில் நெல், மேட்டில் மல்லாட்டை. (மற்ற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை.) விளைச்சல் உள்ள இடத்தில் எலி உண்டு, எலி உள்ள வீட்டில் பூனை உண்டு. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்தவர்களில் நான்தான் முதல் ஆள். என் முதல் செமஸ்டர் பீஸ், விதைக்குப் போக மிஞ்சிய 2 மூட்டை மல்லாட்டையை விற்றுக் கட்டியது. அந்த மூட்டைகளை மாதக்கணக்கில் எலியிடம் இருந்து காத்தது எங்கள் வீட்டுச் செவலைப் பூனை. அதற்கு எங்கள் வீட்டில் கொடுத்த சம்பளம் பழைய சோறும் கொஞ்சம் பாலும். அந்தச் சம்பளம் சரிதானா என்று தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இனி வருவது.

பட்டினி போட்டால்தான் எலி பிடிக்குமா?

எங்க ஆயா இப்படித்தான் சொல்லும். "வயிறு ரொம்பினா பூன எலியத் திரும்பிப் பாக்காது." உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. பசி வேறு, வேட்டையாடும் உந்துதல் வேறு. நன்றாகத் தின்ற பூனையும் கண் எதிரே எலி ஓடினால் பாயும். பட்டினி கிடக்கிற பூனைதான் நம் வீட்டுக் குதிரை விட்டுவிட்டு, அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குப் போகும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் என்ற சூழலியல் அறிஞர், இங்கிலாந்துப் பண்ணைகளில் பூனையை வைத்து எலியைக் கட்டுப்படுத்துவது பற்றி 1953ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் இருக்கிற எலிகளை ஒழித்துவிட வேண்டும். பிறகு பூனைக்குத் தினமும் தீனி கொடுத்துக் கட்டிடத்தின் பக்கத்திலேயே தங்க வைத்தால், புதிய எலிகள் வந்து குடியேறுவதை அது தடுத்துவிடும். இதுதான் அவர் கண்டது. நான் இதைப் படித்ததும் ஆயாவிடம் சொன்னேன். "வெள்ளக்காரன் ஊட்டு எலி வேற" என்று முடித்துக்கொண்டது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஏற்கெனவே பெருகிவிட்ட எலிக் கூட்டத்தை ஒரு பூனையால் ஒழிக்க முடியாது. பெருச்சாளியிடம் பல பூனைகள் போவதே இல்லை. பூனை, பொறி, மூட்டையைப் பலகை மேல் ஏற்றி அடுக்குவது, எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும். ஆனால் பூனை உள்ள வீட்டில் எலி மருந்து மட்டும் வைக்கக் கூடாது. மருந்து தின்று மயங்கிக் கிடக்கும் எலிதான் பூனைக்குச் சுலபமாகக் கிடைக்கும். எலி வயிற்றில் உள்ள விஷம் பூனைக்கும் போய்ச் சேரும்.

பெட்ரோல் வண்டிக்கு டீசல்

நான் இயந்திரவியல் மாணவன், அதனால் இந்த உதாரணம். பெட்ரோல் என்ஜினுக்கு டீசல் ஊற்றினால் டேங்க் நிரம்பும், வண்டி ஓடாது. பூனைக்குத் தயிர் சாதம் போட்டால் வயிறு நிரம்பும், அவ்வளவுதான்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் உள்ள காட்டுப் பூனை. மனிதன் தானியம் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004ல் வெளிவந்தது. நம்மோடு இத்தனை காலம் இருந்தும் நாயைப் போல நம் சாப்பாட்டுக்கு அது மாறவில்லை. அதன் உடம்பு இன்னமும் எலிக்கும் குருவிக்கும் செய்த உடம்புதான். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி தேவை. ஆக நாளைக்கு 8 எலி. இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். பூனை ஒரேயடியாக உட்கார்ந்து சாப்பிடும் பிராணி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்னும். நாம் காலையில் ஒரு குண்டான் சோற்றை வைத்துவிட்டுப் போவது அதற்கு ஒத்துவராது. பாதியை எறும்பு தின்னும்.

அடுத்தது டாரின். இது ஒரு சத்தின் பெயர். இறைச்சி, மீன் இவற்றில் உண்டு, அரிசி பருப்பில் கிடையாது. நம் உடம்பும் நாயின் உடம்பும் பெரும்பாலும் தனக்கு வேண்டிய டாரினைத் தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்ய முடியாது. டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளுக்குக் கண்ணின் விழித்திரை கெட்டுப் போவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975ல் கண்டுபிடித்தார்கள். 1987ல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், இதயம் வீங்கிப் பலவீனமாகும் நோய்க்கும் இதே குறைதான் காரணம் என்று தெரிந்தது. கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே அப்போது இந்தக் குறை இருந்ததாம். அதன் பிறகுதான் கம்பெனிகள் டாரினைக் கூட்டின. அப்படியானால் நம் வீட்டுத் தயிர் சாதப் பூனைக்கு என்ன கதி? "வயசாச்சு, கண்ணு தெரியல" என்று நாம் சொல்லும் பூனைகளில் சிலவற்றுக்கு வயசு காரணமாக இருக்காது.

கேரட், கீரை போட்டால் கண்ணுக்கு நல்லது என்பதும் பூனைக்குப் பொருந்தாது. கீரையில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும் வசதி அதற்கு இல்லை. இனிப்பின் ருசியே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனையில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005ல் கண்டுபிடித்தார்கள். பால்கோவாவைப் பூனை நக்குவது இனிப்புக்கு அல்ல, கொழுப்புக்கு.

பால் விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். குட்டியில் தாய்ப்பால் குடிக்கும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இருக்கும். பால் மறந்த பிறகு அது பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகு மாட்டுப் பால் பல பூனைகளுக்குப் பேதியைத்தான் கொடுக்கும். சில பூனைகள் தாங்கிக்கொள்ளும். எப்படியானாலும் பால் அதற்குத் தேவையான உணவு இல்லை. அந்த ஒரு டம்ளரை வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

சரி, ஏழை வீட்டில் கறிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைதான் கறி. ஆனால் பூனைக்கு வேண்டியது நாம் தின்னும் துண்டு அல்ல. கோழிக் கடையில் இதயம், ஈரல், கழுத்துத் தோல் எல்லாம் கறியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், தெரிந்த கடையானால் சும்மாவே தருவார்கள். டாரின் அதிகம் உள்ளது இதயத்தில்தான். ஈரல் வாரத்துக்கு 2 தடவை ஒரு சிறு துண்டு போதும், தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு கெடும். இதை மஞ்சள் கூடப் போடாமல் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். வேக வைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரையும், பாதி சத்து அதில்தான் போகிறது. அந்தத் தண்ணீரை ஊற்றி, ஒரு பங்கு சோற்றுக்கு மூன்று பங்கு கறி என்று பிசைந்து வையுங்கள். சோறு விஷம் இல்லை, ஆனால் அது பக்கத் துணைதான். கறியில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதற்கு முட்டை ஓட்டை நைசாகப் பொடித்து ஒரு சிட்டிகை. ஏரியில் பிடித்த பொடி மீன் கிடைத்தால் முள் மிருதுவாகும் வரை வேக வைத்து நசுக்கிப் போடலாம். வெந்த கோழி எலும்பு கூடாது, ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். வெந்த முட்டை நல்லது. கருவாடு உப்பு மயம், ஊற வைத்து வேக வைத்து நீரை வடித்துவிட்டு எப்போதாவது ஒரு துண்டு.

இதில் நாம் தினமும் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். குழம்பில் இருந்து எடுத்த மீன் தலையைப் பூனைக்குப் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை. ஒரு நாளில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சோகை பிடிக்கும். குழம்பு கூட்டுவதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியாக எடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

தண்ணீர் பற்றி. பாலை நிலத்துப் பரம்பரை என்பதால் பூனைக்குத் தாகம் குறைவாகவே தெரியும். எலி உடம்பிலேயே பெரும்பகுதி தண்ணீர் என்பதால் காட்டில் அது போதும். காய்ந்த தீனி மட்டும் போட்டால் சிறுநீர் கெட்டியாகும். கடுவன் பூனைக்கு மூத்திரப் பாதை ஒடுக்கம், அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆண் பூனை குத்த வைத்து முக்கிக்கொண்டே இருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால், "மலச்சிக்கல்" என்று விளக்கெண்ணெய் தேடாமல் அன்றைக்கே மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அகலமான பாத்திரத்தில், சோற்றுத் தட்டுக்குத் தள்ளி, தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள்.

தெனாலிராமனும் தார்ன்டைக்கும்

ராயர் கொடுத்த பூனைக்குக் கொதிக்கிற பாலை வைத்து, பாலைக் கண்டாலே ஓடும்படி செய்த தெனாலிராமன் கதை எல்லோருக்கும் தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்று பழமொழியும் உண்டு. பயத்தைப் பூனை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும் என்பது இதன் அர்த்தம். ஆனால் அது கற்றுக்கொண்டது "பாலைக் குடிக்காதே" என்ற ஒழுக்கத்தை அல்ல, பால் என்றால் வலி என்பதை. அடித்துப் பழக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடிக்கிற பூனை "இங்கே மூத்திரம் போகக் கூடாது" என்று புரிந்துகொள்ளாது. "இந்த ஆளைக் கண்டால் ஓட வேண்டும்" என்றுதான் புரிந்துகொள்ளும். பிறகு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து போகும்.

ஒரு வேலையைக் கற்பது எப்படி என்பதை 1898ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க மாணவர் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சோதித்தார். மரச் சட்டங்களால் கூண்டு செய்து, பசித்த பூனையை உள்ளே விட்டு, வெளியே மீன் துண்டு வைத்தார். கயிற்றை இழுத்தால் அல்லது தாழ்ப்பாளைத் தட்டினால் கதவு திறக்கும். முதல் தடவை பூனை கண்டபடி பிராண்டி, தற்செயலாகத் திறந்துவிடும். திரும்பத் திரும்ப விட்டபோது எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அதை வரைபடமாக வரைந்தார். நமக்கு லேபில் வரைகிற கிராப் போலத்தான். பலன் கிடைத்த செயல் நிலைக்கும், பலன் கிடைக்காத செயல் உதிர்ந்துவிடும் என்பது அவர் கண்ட விதி.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்த உடனே, அந்தச் சில வினாடிக்குள் ஒரு துணுக்குக் கறி. ஐந்து நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. ஒரு நாளைக்கு 5 நிமிஷப் பயிற்சி 2 தடவை போதும், பசியோடு இருக்கும் நேரத்தில். எங்கள் செவலை தட்டைத் தட்டும் சத்தத்துக்கு வாழைத் தோப்பில் இருந்து ஓடி வரும்.

கட்டில் காலைப் பிராண்டுகிறதா? நகம் தீட்டுவது அதன் தேவை, நிறுத்த முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஆடாத ஒரு கட்டையில் சாக்கையோ தேங்காய் நார்க் கயிற்றையோ இறுக்கிச் சுற்றி, பூனை முழு உடம்பையும் நீட்டும் உயரத்துக்கு நிறுத்துங்கள். அது படுத்து எழும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், எழுந்ததும் முதலில் பிராண்டத்தான் தேடும். கழிப்பிடப் பழக்கமோ சொல்லிக் கொடுக்கவே தேவையில்லாத அளவு சுலபம். பழைய பேசினில் நான்கு விரல் உயரம் மணல், சந்தடி இல்லாத மூலை, சாப்பாட்டு இடத்துக்குத் தூரம். சாப்பிட்டதும் குட்டியை அதில் கொண்டு விட்டால் தானே தோண்டும். அழுக்கை நாள்தோறும் அள்ள வேண்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து குறைவு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. அதற்காகப் பூனையையே வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை.

பூனையைத் தூக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று சொல்வார்கள். தாய்ப் பூனை கவ்வியதும் குட்டி ஒன்றுமே செய்யாமல் தொங்குவது போல, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பது. தென்கலையார் வழி இது என்பார்கள். உவமை சரியாகவே இருக்கிறது, பிடரியைக் கவ்வியதும் குட்டியின் உடம்பு தானாகவே துவண்டு கால் மடங்கும். ஆனால் அது குட்டிக்கு மட்டும். 4 கிலோ பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் அந்தத் தோலில் தொங்கும், வலிக்கும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ்.

மாத்திரை கொடுக்காதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பூனைக்கு உடம்பு சுட்டது. பாசமான வீடு. மனுஷனுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்து ஊட்டினார்கள். ராத்திரி முகம் வீங்கி, ஈறு பழுப்பு நிறமாகி, மூச்சு வாங்கியது. விடியும்போது இல்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் 2 நாள் சாப்பிடவில்லை. பூனையின் கல்லீரலில் இந்த மருந்தை வெளியேற்றும் வழி மிகக் குறைவு. மருந்து விஷமாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். தவிர, பூனையின் இயல்பான சூடே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சுடும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் இப்படித்தான், பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பூனையைக் கொண்டு போனால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட வேண்டாம். வயர் கூடையில் துணி விரித்து, உள்ளே விட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு போங்கள். 2 மாதத்தில் குடல் புழு மருந்து, 8 வாரத்துக்கு மேல் கொள்ளை நோய்த் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். பூனை கடித்தாலும் பிராண்டினாலும் ரேபிஸ் வரலாம், நாய்க்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ஒன்றையும் தவற விடக் கூடாது.

இனி, எல்லோரும் தள்ளிப் போடுகிற விஷயம். பெட்டைப் பூனை 5 மாதத்திலேயே சினை பிடிக்கும். சினைக் காலம் 63 முதல் 65 நாள், ஒரு ஈற்றுக்கு 4 குட்டி சாதாரணம், பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் நிற்கும். அதனால்தான் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வருகிறோம். "எங்கியாவது பொழைச்சுக்கும்" என்கிறோம். கண் திறக்காத குட்டி பிழைக்காது. முதல் சில வாரம் அதற்குத் தானாக மூத்திரம் போகக் கூடத் தெரியாது, தாய் நக்கிவிட வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்தில் தவிக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது குற்றம். "ஒரு ஈத்தாவது போடட்டும்" என்று சொல்வதில் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன், ஏறக்குறைய 5 மாதத்தில், கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். மார்பகக் கட்டியும் பெருமளவு குறையும். ஆபரேஷன் செய்த பூனை எலி பிடிக்காது என்பதும் பொய். எங்கள் செவலைக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. எலி பிடித்து வந்து ஆயா பாய் ஓரத்திலேயே வைக்கிறது, ஆயாவிடம் திட்டும் வாங்குகிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. நம் விடுதி மெஸ் ஸ்டோர் ரூமில், காலிச் சாக்குகளுக்கு நடுவே 3 குட்டிகள் இருக்கின்றன. கண் திறந்துவிட்டது. பிறந்து 2 வாரம் முதல் 7 வாரம் வரை மனிதர் கை பட்டுப் பழகிய குட்டிதான் பின்னால் மனிதரை அண்டும். அதனால் நாங்கள் நான்கு பேர் முறை வைத்துத் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருக்கிறோம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது 8 வாரம் முடிந்திருக்கும், அதற்கு முன் தாயைப் பிரிக்க மாட்டோம். ஒன்று எலக்ட்ரிகல் நண்பன் வீட்டுக்கு, ஒன்று சந்தவாசலுக்கு என்று பேசியாகிவிட்டது. வால் நுனி வெள்ளையாக உள்ள பெட்டைக் குட்டிக்கு மட்டும் இன்னும் வீடு கிடைக்கவில்லை. வேண்டுபவர்கள் வயர் கூடையோடு வரவும். தாய்க்கு ஆபரேஷன் செய்ய மெஸ் வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம், இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது.